கூரையில் சிரித்தவன்

கல்லூரியில் ட்ரோன் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் ஆன்டோதான். அதாவது, இதுவரை இரண்டை மட்டுமே கடலுக்குள் போட்டவன். மூன்றாவதையும் நம்பிக் கொடுத்திருந்தார்கள்.

அக்காள்மடத்துக் கரையில் நின்று வளைகுடாவைப் படமெடுத்துக்கொண்டிருந்தான். கடல்பசு மேயும் கடல்புல் எங்கே தழைத்திருக்கிறது, எங்கே அடியோடு வாரும் இழுவைமடி வலையால் நாசமாகியிருக்கிறது என்று வரைபடம் போடும் வேலை. புல் மேல் மடி இழுக்கும் படகு கண்ணில் பட்டால் அடையாளத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும்; உரிமம் போய்விடும். ஆன்டோ சொல்லச் சொல்ல, கூடப் படிக்கும் லாமியா படிவத்தில் எழுதுவாள்.

"ஆன்டோ, ஒரு வள்ளம். பின்னால தண்ணி கலங்குது பாரு, மடிதான்" என்றாள் லாமியா, டேப்லெட் திரையைப் பார்த்தபடி. "கூரையில என்னமோ படம் கட்டியிருக்காக."

ட்ரோன் நெருங்கியது. தார்ப்பாய்க்குப் பதிலாக ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனர். யாருடைய கோட்டுக்கோ மேல் ஒட்டிய தலையோடு, பல்லெல்லாம் தெரிய, ஆன்டோவே வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். 'கடலறிவியல் கண்ட காளையே! வாழ்த்தும் தாய்மாமன் யாக்கோபு.'

கல்லூரியில் இடம் கிடைத்தபோது பஸ் ஸ்டாப்பில் மாமா வைத்தது. அன்று வெட்கத்தில் ஒரு வாரம் பஸ் ஏறவில்லை. அதுதான் வாழ்க்கையின் பெரிய அவமானம் என்று அப்போது நினைத்திருந்தான்.

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அழைத்தான். "மாமா, மடியத் தூக்குங்க. மேல பறக்குறது நாந்தான்."

"தெரியுமே மருமகனே! கையக் காட்டுனேனே, பாக்கலையா?" திரையில் மாமா மறுபடியும் இரண்டு கையையும் ஆட்டினார்.

"படம் பதியுது மாமா!"

"பதியட்டும்லே. அதுக்குத்தான பேனரத் தேடிப் பிடிச்சு மேல கட்டுனேன். உங்க காலேஜ்காரவுக உன் மூஞ்சியப் பாத்தா விட்ருவாகள்ல?"

ட்ரோன் போகும் பாதை முன்பே போட்டது. கோடு கோடாகப் போய்த் திரும்பும். பாதியில் நிறுத்தினால் காலையிலிருந்து பறந்தது வீண். அது திரும்பி வந்தது. காளை மறுபடியும் சிரித்தது. அந்த வள்ளம் பிடித்த மீன்தான் அவனைப் படிக்க வைத்தது. போன மாதம் அதே இடத்தில்தான் ஒரு கடல்பசு தன் குட்டியோடு மேய்ந்தது. முதலில் பார்த்துக் கத்தியவனும் அவனே.

லாமியா சிரிப்பாள் என்று நினைத்தான். அவள் பேனாவைத் தாழ்த்தினாள். "காத்துல படம் ஆடிருச்சு, அடையாளம் தெரியலன்னு எழுதவா?"

எழுது என்று சொல்ல வாய் திறந்தான்.

"போன வாரம் மலையாண்டி அண்ணன் வள்ளத்துக்கும் காத்து அடிச்சுச்சுல்ல? அடையாளத்தோடதான எழுதுனோம்" என்றுதான் வந்தது. போன் இன்னும் தோளில் இருந்தது. "மாமா, கேக்குதா? லாமியா, எழுதிக்க. கூரையில ஃப்ளெக்ஸ் பேனர். பல்லக் காட்டிக்கிட்டு ஒருத்தன், பேரு ஆன்டோ. வாழ்த்துறவரு... யாக்கோபு."

போனில் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அழைப்பு துண்டானது.

திரையில் மாமா மடியைக் கை மாற்றிக் கை மாற்றி மேலே இழுத்துக்கொண்டிருந்தார். அண்ணாந்து பார்க்கவில்லை.

ட்ரோன் தானாகவே திரும்பியது. அந்த வள்ளத்துக்கு மேலாக இன்னும் மூன்று கோடு பாக்கி.