புது எஞ்சினுக்கு ஒரு டப்பா

அண்ணன் கொடுத்த டப்பாவைச் சாப்பாட்டுப் பைக்கு அடியில் வைத்து, அவள் புருஷனின் புது ஷெட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"மாப்ளகிட்ட சொல்லாத பாப்பா. ரோஷக்காரன், வாங்க மாட்டான். நீயே எஞ்சின் ஆயில்ல ஊத்தி விட்டுடு. உரசலே இருக்காது, வெண்ணெயா ஓடும்" என்று சொன்னபோது அண்ணனுக்குக் கண் கலங்கியது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் கூடப் பிறந்ததை யார் ஓநாய் என்று நினைப்பார்கள்?

அவள் புருஷனுக்கு வாய் குறைவு. அமுக்குணி என்றுதான் அண்ணனின் ஒர்க்‌ஷாப்பில் பேர். கல்யாணமான நாளிலிருந்து மச்சானிடம் டீசல் எஞ்சின் பிரித்து மாட்டினான். வேலை இவனது, பேர் அவருடையது. சாப்பிட உட்கார்ந்தவனைக்கூட விரல் சொடுக்கி எழுப்புவார். இப்போதுதான் துணிந்து, டயர்க் கடைக்குப் பின்னால் சொந்தமாக ஷெட் போட்டிருந்தான். பஸ் முதலாளி ஒருவர் சோதனைக்கு ஒரு பஸ்ஸை விட்டிருந்தார். அதன் எஞ்சினைப் பிரித்து லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் புதிதாக மாட்டியிருந்தான். இது நன்றாக ஓடினால் அவருடைய மற்ற பஸ்களும் இங்கே வரும். ஓடாவிட்டால் மறுபடி மச்சான் முன்னால் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

அவன் முதலாளியை அழைக்கப் போன நேரம் பார்த்து, அவள் எண்ணெய் மூடியைத் திறந்தாள். புனல் வைத்து ஊற்றினாள். அது சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. இனி நமக்கு நல்ல காலம் என்று மனதார நினைத்தாள், பாவி.

பஸ் போனது. கொஞ்ச நாளில் நீலப் புகை கக்கியது. ஊற்ற ஊற்ற எண்ணெயைக் குடித்தது. முதலாளி அதை இழுத்துக்கொண்டுபோய் அண்ணன் ஒர்க்‌ஷாப்பிலேயே நிறுத்திவிட்டு, ஆள் அனுப்பிக் கேட்டார்:

"எஞ்சின் செஞ்சியா, கொசுவுக்குப் புகை அடிக்கிற மிஷின் செஞ்சியா? உன் மச்சான் முன்னாடியே பிரிச்சுக் காட்டு."

அவள் சாப்பாடு கொண்டுபோனபோது எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியிருந்தார்கள்; முதலாளி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அமுக்குணி, பிஸ்டன் ஏறி இறங்கும் லைனரின் உள்சுவரை நகத்தால் தடவினான். கண்ணாடி போலப் பளபளத்தது.

"யாரோ வழுக்கல் மருந்து ஊத்தியிருக்காங்க. புது எஞ்சின்ல ரிங்கு லைனரோட உரசி உரசித்தான் பொருந்தும். உரசவே விடலைன்னா எப்படிப் பொருந்தும்? எண்ணெய் மேல ஏறி எரியுது."

"பச்சப் புள்ளைக்கும் தெரியுமே மாப்ள இது!" என்றார் அண்ணன். "நீயா ஊத்துன?"

"நான் ஊத்தல மச்சான்."

அவள் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தாள். "நான்தான் ஊத்தினேன். அண்ணன்தான் குடுத்தாரு."

அண்ணன் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். "பாப்பா, வீட்டுல கெடக்கற பழைய வேனுக்குன்னு நீதானே கேட்டு வாங்கிட்டுப் போன? தேஞ்ச எஞ்சினுக்கு அது அமிர்தம். அதப் போய்ப் புதுசுல ஊத்துவாங்களா?"

வீட்டு வாசலில் ஒரு ஓட்டை வேன் நிற்பது உண்மை. அதனால் பொய்க்குக் கால் முளைத்துவிட்டது.

"பொண்டாட்டி பாத்த வேலையா? நல்லாயிருக்குப்பா உன் ஷெட்டு" என்று முதலாளி எழுந்தார். "எல்லா பஸ்ஸும் இனிமே இங்கயே வரட்டும்."

அவள் புருஷனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா என்று தவித்தாள். அவன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "நீ வீட்டுக்குப் போ" என்றான்.

சாயந்திரம் அவன் வந்து சாப்பிட்டு முடித்ததும் கேட்டாள். "யாரு பொய் சொன்னதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"நீ வாயத் தொறந்ததுமே தெரிஞ்சிடுச்சு."

"அப்புறம் ஏன் சும்மா இருந்தீங்க?"

"ஷெட்டு போயிடுச்சு. நாளைக்கு வேலைக்கு எங்க போறது? காலையில வந்து உங்க அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேட்டுடு. எல்லாரும் இருக்கறப்ப கேக்கணுமாம்."

"கேக்கணுமாமா? அவரா சொன்னாரு?"

அவன் தட்டைக் கழுவப் போய்விட்டான். அண்ணன் செய்ததைவிட இதுதான் அவளை அறுத்தது.

காலையில் போய்க் கேட்டாள். வேலையாட்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவள் புருஷன் பெஞ்சுக்குக் கீழே குனிந்து எதையோ தேடினான்.

"விடும்மா, தெரியாமத்தானே செஞ்ச" என்று பெரிய மனசு பண்ணினார் அண்ணன். பிறகு அலமாரியைத் திறந்து அதே மாதிரி இன்னொரு டப்பாவை எடுத்து நீட்டினார்.

"இத வச்சுக்க. இந்தத் தடவையாவது வேன்ல ஊத்து."

எல்லோரும் சிரித்தார்கள். பெஞ்சுக்குக் கீழேயிருந்து நிமிர்ந்த அவள் புருஷனும் சிரித்தான்.

அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.