தொடாமல் போனவள்

ஒன்பது அடிக்க நான்கு நிமிடம் இருந்தது. ஒபேலியா காரைத் தெருவோரம் நிறுத்தி இஞ்சினை அணைத்தாள். இறங்கவில்லை. அந்த வீட்டில் பிந்தி வருவதும் குற்றம், முந்தி வருவதும் குற்றம். பக்கத்தில் வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் தோமித்திலா. தெரு நெடுகப் புல் ஒரே உயரத்தில் வெட்டப்பட்டிருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை.

டல்லஸுக்கு வடக்கே அந்த வீட்டை இருவரும் இரண்டு வருடமாகச் சுத்தம் செய்கிறார்கள். ஒபேலியா தோமித்திலாவின் புருஷனுக்குத் தங்கை. சிறு வயதிலேயே மெக்சிகோ எல்லை தாண்டி வந்து இங்கே பள்ளிக்கூடம் போனவள், ஆங்கிலம் சரளம். தோமித்திலா எல்லைக்கு அப்பால் சகாதேகாஸில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்தவள். ‘பிளீஸ்’, ‘தேங்க்யூ’வைத் தாண்டவில்லை.

கதவைத் திறந்த வீட்டுக்காரி மெரெடித்தின் தோளில் பிள்ளை இருந்தது. வெஸ்லி. பிறந்து மூன்று மாதம். மாடியிலேயே வைத்திருந்ததால் தோமித்திலா அன்றுதான் பார்த்தாள். வெளிறிய நீலக் கண்கள். அவளுக்கு வாய் முந்திக்கொண்டது.

“மாதாவே, என்ன கண்ணு இது.”

சொன்ன கையோடு வாளியை வைத்துவிட்டு, கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு, பிள்ளையின் நெற்றியைத் தொடப் போனாள். மெரெடித் சிரித்தபடியே உடம்பைத் திருப்பிக்கொண்டாள். ஊசியெல்லாம் போட்டு முடியும்வரை வெளியாட்கள் தொட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.

அழகென்று பார்த்த கண், தொட்டுவிட வேண்டும். நெற்றியோ, கையோ, கால் விரலோ. தொட்டால் பார்வையின் கனம் இறங்கிவிடும். தொடாவிட்டால் பிள்ளையிடமே தங்கிவிடும். தோமித்திலாவின் ஊரில் முன்பின் தெரியாதவர்கள்கூடச் சந்தையில் தொட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். தாய்மார்களே பிள்ளையை நீட்டுவார்கள்.

விஷயத்தை எடுத்துச் சொல்லும்படி அவள் நாத்தனாரிடம் கெஞ்சினாள். ஒபேலியா ஆங்கிலத்தில் ஒரு வரி சொன்னாள். மெரெடித் முகம் மலர்ந்து நன்றி சொல்லி, பிள்ளையோடு மாடிக்குப் போய்விட்டாள்.

திரும்பி வரும்போது காரில் தோமித்திலா கேட்டாள்.

“அவகிட்ட என்ன சொன்ன?”

“பிள்ள ரொம்ப அழகா இருக்குன்னு நீ சொல்றதா சொன்னேன்.”

“மறுபடியும் அழகுன்னா சொன்ன?”

“வேற என்னத்த சொல்ல? எங்க மதினி கண்ணு பொல்லாத கண்ணுன்னா? நம்மள சூனியக்காரிங்கன்னு நெனச்சுக்குவாங்க மதினி. தரையப் பாத்தோமா, தொடச்சோமான்னு இரு. அவங்க பிள்ளைய எதுக்கு நீ பாக்குற?”

இருபத்தேழு வருடத்துக்கு முன், பிரெஸ்னில்யோ பேருந்து நிலையத்தில், தோமித்திலாவின் மடியிலிருந்த மகள் நியெவெஸைப் பார்த்து ஒருத்தி அப்படித்தான் வாய் பிளந்து நின்றாள். பச்சை ரவிக்கை போட்டவள். என்ன கன்னம், என்ன கன்னம் என்றாள். பஸ் கிளம்பிவிட்டது என்று ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். தொடவில்லை. நாலாம் நாள் நியெவெஸை அடக்கம் செய்தார்கள். குடித்த தண்ணீரில் கோளாறு என்றார் டாக்டர். தோமித்திலா அந்தப் பச்சை ரவிக்கையை இன்றுவரை மன்னிக்கவில்லை. பார்த்ததற்காக அல்ல. பார்க்காத கண் உண்டா? பஸ் ஏறியதற்காக.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர்கள் போனபோது பிள்ளை அழுதுகொண்டிருந்தது. மூன்று நாளாகக் காய்ச்சலாம். காதில் சீழாம். மருந்து கொடுத்தாயிற்றாம். மெரெடித் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அலுவலகத்தோடு பேசிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் அழவிட்டால் தானாகத் தூங்கப் பழகும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதாம். ஒபேலியா இதைச் சொல்லிவிட்டுக் கீழே சமையலறைக்குப் போனாள்.

தோமித்திலா மாடி வராந்தாவைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். அவள் வீட்டில் எந்தப் பிள்ளையும் தனியறையில் அழுததில்லை. கொலைகாரன் பிள்ளையாக இருந்தாலும் யாராவது ஒருத்தி தூக்கியிருப்பாள். குளியலறைக்குப் போய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள். அறைக்குள் நுழைந்தாள். பிள்ளையின் முகம் சிவந்து, நீலக் கண்கள் வீங்கியிருந்தன.

தொட்டிலுக்குள் கையை நீட்டினாள். நெற்றிக்கு ஒரு சாண் இருக்கும்.

பிள்ளையைக் கண்காணிக்கச் சுவரில் வைத்திருந்த வெள்ளை டப்பா பேசியது. மெரெடித்தின் குரல். அதில் கோபம் இல்லை. தோமித்திலாவுக்குப் புரிந்த ஒரே சொல் ‘பிளீஸ்’. அந்த ஊரில் கதவைச் சாத்தும்போதும் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் சாத்துவார்கள்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஒபேலியாவின் போனுக்குச் செய்தி வந்தது. இரண்டு வருட உழைப்புக்கு நன்றி. வேறு ஏற்பாடு செய்துகொள்ள முடிவெடுத்திருக்கிறார்கள். இருவருக்கும் எல்லா நன்மையும் உண்டாகட்டும். கடைசியில் ஒரு மஞ்சள் பூ.

“திட்டியிருந்தா பதிலுக்கு ரெண்டு கேட்டிருப்பேன்,” என்றாள் ஒபேலியா. “வாழ்த்துக்கு என்னத்த சொல்ல? சந்தோஷமா மதினி? ஒரு வீடு போச்சு.”

பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று எழுதிக் கேட்கும்படி தோமித்திலா சொன்னாள். ஒபேலியா போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை தோமித்திலா தனியாகக் கிளம்பினாள். இரண்டு பஸ் மாறினாள். கடைசி நிறுத்தத்திலிருந்து, நடக்க யாருமே இல்லாத அந்தத் தெருக்களில் முக்கால் மணி நேரம் நடந்தாள். வாளி இல்லை, வேலை உடுப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டை. கையில் சோப்பு வாசனை.

மணியை அழுத்தினாள். மணிக்கு மேலிருந்த சிறிய கேமராக் கண்ணாடியைச் சுற்றி நீல வெளிச்சம் வந்தது. மாடி ஜன்னலில் திரைச்சீலை லேசாக அசைந்து நின்றது. உள்ளே பிள்ளையின் சத்தம் ஏதும் இல்லை. தூங்குகிறதா, ஆஸ்பத்திரியில் இருக்கிறதா, தெரியவில்லை.

கதவு திறக்கவில்லை. அவள் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். தனக்குத் தெரிந்த பாஷையில், மெதுவாக, சொல் சொல்லாகப் பேசினாள்.

“வேல கேட்டு வரலம்மா. ஒரே ஒரு தடவ தொட்டுட்டு நான் பாட்டுக்குப் போயிடுறேன். பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?”