ஆளில்லா விமானத்துக்கு ஓர் அர்ச்சனை

ஜெர்மன்காரன் ஆளே இல்லாத விமானத்தில் குண்டை வைத்து லண்டன் மேல் ஏவிவிட்டானாம். பினாங்கைப் பிடித்திருந்த ஜப்பானியரின் ஒலிபெருக்கி தெருவில் அதைக் கத்திச் சொன்னபோது நாங்கள் மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தோம். அரிசிக்கு வழியில்லை, ஆனால் அந்தக் குண்டுக்குக் கைதட்ட வேண்டுமாம்!

என் மகன் நாகநாதன் லண்டனில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தான். சண்டை தொடங்கியபின் அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இது தெரிந்தும், "உங்கள் கோயிலில் இதற்கொரு பூசை வையுங்கள்" என்று ஜப்பானிய அதிகாரி சொன்னதும் என் கணவர் ஐயாத்துரை தலையாட்டிவிட்டு வந்தார். அவருடைய அலுவலகத்துக்கே அந்த அதிகாரிதான் தலைவன்.

"பிள்ளையின்ர தலையில விழுற குண்டுக்கு நீங்களே பூசை வைக்கிறியளோ?"

"மெதுவாக் கதையும். மாட்டன் எண்டா தலை போயிடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கோயிலுக்குப் போனேன். அலுவலகத்தார் எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டுமென்று உத்தரவு.

அதிகாரி இடுப்பில் வாளோடு நின்றான். பக்கத்தில் மொழிபெயர்க்க வேலு. நாகநாதனைச் சின்ன வயதிலிருந்தே அறிந்தவர்.

"அக்கா, கொஞ்சம் சிரிச்ச முகமா நில்லுங்க லா. பார்க்கிறான்."

குருக்கள் பூத்தட்டை எடுத்தார். வழக்கம்போலக் கேட்டார்: "யார் பேருக்கு அர்ச்சனை? என்ன நட்சத்திரம்?"

ஒருவரும் இதை யோசித்திருக்கவில்லை. ஓட்ட ஆளில்லாத, பெற்ற தாயில்லாத அந்தச் சனியனுக்கு ஏது நட்சத்திரம்? என் கணவர் விழித்தார். குருக்கள் காத்திருந்தார். அதிகாரி முறைத்தான்.

நான் முன்னால் போய் உரக்கச் சொன்னேன். "நாகநாதன். உத்தரட்டாதி."

குருக்கள் மந்திரத்தைத் தொடங்கினார். என் மகன் பேரில் மணி அடித்தது. என் கணவரின் முகத்தில் ரத்தமே இல்லை.

தீபாராதனை முடிந்ததும் வேலு தயங்கியபடி வந்தார். "யாரு நாகநாதன்னு கேக்குறாரு."

"அந்த விமானத்துக்கு நாங்கள் வைச்ச பேர்" என்றார் என் கணவர்.

வேலு கண் இமைக்காமல் அப்படியே மொழிபெயர்த்தார். அதிகாரிக்கு ஒரே மகிழ்ச்சி. கையை உயர்த்தி, "நாகநாதன் பன்சாய்!" என்று தங்கள் மொழியில் வாழ்க போட்டுக் கத்தினான். எல்லோரும் கத்த வேண்டியதாயிற்று. என் கணவர்தான் எல்லோரையும்விடப் பலமாகக் கத்தினார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. என் பிள்ளையை வாழ்த்த எனக்கு எவன் உத்தரவும் வேண்டாம்.