அப்பாவின் ஃபிளாஷ்

ஆஞ்சலா ஃபிளாஷைக் கேமராவின் தலையில் செருகப் போனபோது தம்பி டிரேவர் அவள் கையைப் பிடித்தான்.

"இரு அக்கா. மாட்டாத."

அப்பா சில்வெஸ்டர் ஹாலில் திறந்த சவப்பெட்டிக்குள் இருந்தார். நேற்று மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நாலு மணிக்கு சர்ச். அதற்குள் அவரோடு குடும்பப் போட்டோ எடுத்தாக வேண்டும். லிங்கராஜபுரம் முழுக்கக் கரண்ட் இல்லை. வாசலில் போட்ட ஷாமியானா இருந்த வெளிச்சத்தையும் மறைத்துவிட்டது. அம்மா டோரதிதான் அலமாரியைத் திறந்து, அப்பா நாற்பது வருஷம் கல்யாணங்களில் போட்டோ எடுக்கத் தூக்கிப்போன ஃபிளாஷை எடுத்துத் தந்தாள்.

டிரேவருக்கு பொம்மசந்திராவில் எலக்ட்ரிகல் வேலை. பையிலிருந்து மீட்டரை எடுத்து, ஃபிளாஷின் அடியில் இரண்டு முனைகளையும் வைத்தான்.

"எரநூத்தி முப்பது வோல்ட்டு! அவர் பழைய கேமரா தாங்கும். உன்னுதுல மாட்டியிருந்தா உள்ள சர்க்யூட்டே போயிருக்கும்."

ஆஞ்சலா மீட்டரில் அந்த நம்பரையே பார்த்தாள். மூன்று வருஷத்துக்கு முன், டீச்சர் சம்பளத்தில் இந்தக் கேமராவை வாங்கி வந்த அன்று, ஃபிளாஷைக் கேட்டாள். "அது உனக்கு ஆகாது" என்று சொல்லி அப்பா அலமாரியைப் பூட்டினார். அதன்பின் எடுத்த ஒரு படத்தையும் அவள் அவரிடம் காட்டவில்லை. அவரும் கேட்கவில்லை.

"அப்பாவுக்கு இது தெரியுமாடா?"

"தெரியாம இருக்குமா?" என்றவன், கொஞ்சம் யோசித்தான். "தெரியலக்கா. மீட்டர் அவர்கிட்ட இருந்ததில்ல."

அப்பா ஆகாது என்றது எனக்கா, என் கேமராவுக்கா? யாரிடம் கேட்பது?

"கேமராவத் தொடாம, தனியா கையில வெச்சு அடிக்கலாம். சைடுல பட்டன் இருக்கு" என்றான் டிரேவர்.

கேமராவை ஸ்டூல்மேல் வைத்து, ஃபிளாஷ் அடிக்க நேரம் கிடைக்க ஷட்டர் நாலு செகண்ட் திறந்திருக்கும்படி செய்தாள். பக்கத்து வீட்டு ஃபாத்திமா ஃபிளாஷை உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். டைமரை அழுத்திவிட்டு ஆஞ்சலா ஓடிவந்து, பெட்டிக்குப் பின்னால் அம்மாவின் அருகில் நின்றாள்.

"இப்பவா?" என்றாள் ஃபாத்திமா.

"இருங்க... இப்ப!"

சுவரெல்லாம் ஒரு கணம் வெளுத்து, மறுபடி இருண்டது.

அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, கேமராவின் சின்னத் திரைமேல் குனிந்தாள். எந்தப் போட்டோவுக்கும் கேட்பதைத்தான் கேட்டாள்.

"யாராவது கண்ணு மூடிட்டாங்களா, பாரு."

ஆஞ்சலா படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு முகமாக நகர்த்தினாள். அம்மா. டிரேவர். தான். பிறகு அப்பாவின் முகத்தில் விரல் நின்றது.

"இல்லம்மா" என்றாள். "எல்லாரும் நல்லா வந்திருக்கோம்."

அம்மா தலையாட்டிவிட்டு, பூமாலையைச் சரிசெய்யப் போனாள்.