மூடி போடாத சோதனை

தங்கையின் புருஷன் ராத்திரி மரத்தில் மோதிச் செத்துப்போனார். அவருடைய பைக்கிலிருந்து எல்இடி ஹெட்லைட்டைக் கழற்றி வந்திருந்தார் மெக்கானிக். அதற்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் போர்டைப் போன வாரம் மாற்றியவரே அவர்தான். மூடியைத் திறந்துவைத்தே சோதிப்பது அவர் வழக்கம். "இனி கவலையே இல்ல மாப்ளே" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

இன்று மூடியைப் போட்டு எரியவிட்டார். சூடு ஏற ஏற வெளிச்சம் துடித்து, பொட்டென்று அணைந்தது. மூடியைக் கழற்றினார். போர்டு ஆறியதும் விளக்கு மறுபடி பளிச்சென்று எரிந்தது.

"நல்லாத்தானே எரியுது!" வாசலில் தங்கை நின்றாள். "அப்போ போலீஸ் சொன்னது நெசந்தான். தூங்கிக்கிட்டே ஓட்டியிருக்காரு. எங்கள நெனச்சே பாக்கலியே, பாவி மனுஷன்!"

விளக்கை அணைக்கவும் அண்ணனுக்குக் கை எழவில்லை.