இரண்டு புள்ளிச் சூரியன்

லோர்னாவுக்கு அந்த வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். ரகசியமாகத் திருமணம் செய்துகொண்டது தலைமை அலுவலகத்துக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் மணமான பெண்ணுக்கு அரசு வேலையில் நிரந்தர இடம் கிடையாது. "இந்தச் சட்டத்தை நான் போடலம்மா," என்று நிலையத் தலைவர் ஹெக்டர் சொல்லியிருந்தார்.

சிட்னிக்கு மேற்கே, நீர்த்தேக்கத்தின் கரையோரம் சூரியனின் வானொலி அலைகளைப் பிடிக்கும் சிறிய தட்டுகள் இரண்டு வரிசைகளில் நின்றன. கிழக்கு மேற்காக ஒன்று, வடக்கு தெற்காக ஒன்று. ஒரு வரிசை சூரியனைப் படமாகப் பார்ப்பதில்லை. ஒரு திசையில் வெளிச்சம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று ஒற்றைக் கீற்றாக மட்டுமே சொல்லும். ஆனால் பூமி சுழலச் சுழல அந்தக் கீற்றின் சாய்வு மாறும். காலையிலிருந்து மாலை வரை கிடைத்த கீற்றுகளை அந்தந்தச் சாய்வில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினால் படம் எழும். கரை அளவு அகன்ற ஒரே தட்டால் பார்த்ததுபோல் இருக்கும்.

கூட்டுவதுதான் லோர்னாவின் வேலை. டிசம்பரில் ஒரு நாள் சூரியனில் பெரிய கொதிப்பு தோன்றி, சில நாட்களில் அடங்கிவிட்டது. அந்த ஒரு நாளின் கிழக்கு மேற்குக் கீற்றுகளைக் கைக்கணக்கு இயந்திரத்தின் பிடியைச் சுழற்றிச் சுழற்றிக் கோடை முழுவதும் கூட்டினாள். வடக்கு தெற்கு வரிசையைக் கூட்டியவன் பக்கத்து மேசைக் கீத். இருவரும் தங்கள் ஒளி ஊடுருவும் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தபோது ஒரே கொதிப்புக்குச் சூரியனில் இரண்டு புள்ளிகள் இருந்தன.

"எனக்குக் கீழ இருக்கு, உனக்கு மேல இருக்கு," என்றான் கீத். "புதுசாக் கல்யாணம் ஆனவங்களுக்கு எல்லாமே ரெண்டு ரெண்டாத் தெரியும் போல."

அவள் சிரிக்கவில்லை. ஹெக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார்: "சாயங்காலத்துக்குள்ள ஒத்துவரலைன்னா தூக்கிப் போட்டுட வேண்டியதுதான். நீ போனப்புறம் இதை யாரு உக்காந்து பாப்பாங்க?"

கூட்டல்களை மறுபடி சோதித்தாள். எல்லாம் சரியாக இருந்தன. தகரக் கூரை வெந்தது. தாளில் வியர்வை விழாமல் இருக்கக் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டாள். பிறகு எழுந்து சுவரோரம் போய் நின்றாள். இங்கிலாந்திலிருந்து யாருக்கோ வந்த கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அங்கே இன்னும் தொங்கியது. பனி மூடிய தேவாலயம்.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஓடிப்போய், மேசைமேல் இருந்த வானியல் அட்டவணை நூலைப் பிரித்தாள். கீற்றுகளின் சாய்வை அவள் எடுத்த பக்கத்தின் தலைப்பு 'நடுக்கோடை'. நூல் இங்கிலாந்தில் அச்சானது. அங்கே நடுக்கோடை ஜூனில் வரும். அப்போது சூரியன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கும். சிட்னியின் நடுக்கோடை டிசம்பர், சூரியன் அப்போது தெற்கே. சூரியன் இருக்கும் பக்கம் மாறினால் கீற்றின் சாய்வும் மாறும்; ஒவ்வொரு கீற்றையும் அவள் எதிர்ப்பக்கம் சாய்த்திருந்தாள். கீத் நூலைத் தொடவே இல்லை, தட்டுகள் நின்ற கோணத்தை அளந்து போட்டிருந்தான்.

தப்பு அவளுடையது. ஒரு கோடையின் வேலையைத் திரும்பச் செய்ய அவளுக்கு ஒரு பிற்பகல்கூட முழுதாக இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டாள். வாசலில் கார் ஒலிப்பான் கேட்டது. கணவன் வின்ஸ் அழைத்துப்போக வந்துவிட்டான்.

துண்டை எடுத்தபோது தாள் கண்ணில் பட்டது. எல்லாக் கீற்றுகளும் ஒரே மாதிரி எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கின்றன. அப்படியானால் படம் அழியவில்லை, கண்ணாடியில் தெரிவதுபோல் மேல்கீழாகப் புரண்டிருக்கிறது, அவ்வளவுதான். தாளை மேசையில் குத்தியிருந்த ஊசிகளைப் பிடுங்கினாள். மேல்விளிம்பு கீழே வருமாறு தாளைப் புரட்டிக் கீத்தின் தாள்மீது வைத்து, இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

ஒரே புள்ளி.

கீத் ஹெக்டரைக் கூப்பிடப் போனான். அவர் வந்து வெகுநேரம் பார்த்தார். தாளை ஏன் புரட்டினாள் என்று கேட்டார். அவள் சொல்லத் தொடங்கினாள். ஒலிப்பான் மறுபடி கேட்டது.

"நான் போயி வின்ஸைக் கொஞ்சம் இருக்கச் சொல்றேன்," என்றான் கீத்.

சொல்லி முடித்தபோது ஹெக்டரின் முகம் மலர்ந்திருந்தது. "அப்போ திங்கக்கிழமை நீ வந்து ஜனவரி மாசத்துக் கீற்றுகளை..." என்று தொடங்கி, அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

ஜன்னலில் காற்று வந்தது. தாள் புரளாமல் இருக்க லோர்னா அறைச் சாவியை அதன் மூலையில் வைத்துவிட்டுத் தன் பையை எடுத்துக்கொண்டாள்.