கடைத் தரையில் இறங்காத முளைகள்

டென்ட் விற்கிற கடையில் ஒரு சங்கடம் உண்டு, கண்ணுகளா. டென்ட் என்றால் அதன் ஓரங்களை இரும்பு முளை அடித்துத் தரையோடு பிடித்து நிறுத்த வேண்டும். கடைத் தரையோ பளிங்கு. அதனால் கடைக்காரர்கள் கயிறுகளை அலமாரிக் கால்களில் கட்டி நிறுத்திவிட்டு, முளைப்பையை மட்டும் கல்லாவுக்குக் கீழே இழுப்பறையில் போட்டுவிடுவார்கள். அப்படி ஒரு கடையில் வெகுகாலமாக விற்பனைப் பெண்ணாக வேலை பார்த்தவள்தான் இந்தக் கதையின் அக்கா.

ஒருநாள் அவளுடைய தம்பி, அன்று ராத்திரி முதன்முதலாக ஏரிக்கரையில் டென்ட் போட்டுத் தங்கப் போவதாகப் பெண்டாட்டி பிள்ளைகளோடு கடைக்கு வந்தான். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டி மேல் எழுதியிருப்பதை நம்பாதே, நாலு பேர் டென்டில் நாலு பேர் டப்பாவில் அடைத்த மத்தி மீன் மாதிரிதான் படுக்கலாம், ஆறு பேருக்கானதை எடு என்றாள். போர்வையைக் குறைத்தாலும் அடியில் விரிக்கும் பாயைக் குறைக்காதே, குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் ஏறும் என்றாள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தலைவிளக்கு, இல்லாவிட்டால் ஒன்றுக்காக இரண்டும் அடித்துக்கொள்ளும் என்றாள். தம்பி பெண்டாட்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். “இவகிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம், மறதி மகாராணி ஆச்சே” என்று அக்கா சிரித்தாள். கல்யாணமான புதிதில் அவள் வைத்த பெயர்தான் அது. வீட்டில் அதுவே நிலைத்துவிட்டது.

ஆறு பேர் டென்டில் மிச்சம் இருந்தது, காட்சிக்கு நிறுத்தியிருந்த ஒன்றுதான். அக்காவே அதை அவிழ்த்து, மடித்து, உறையில் திணித்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் காலியான இடத்தில் வேறொரு டென்டை நிறுத்தினாள். அதன் முளைப்பையைப் போட இழுப்பறையைத் திறந்தாள். தம்பிக்கு மடித்துக் கொடுத்த டென்டின் பை அங்கேயே கிடந்தது.

உடனே தம்பிக்குப் போன் போட்டாள். ஆனால் அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் கொட்டித் தீர்த்துவிட்டான். ராத்திரி காற்றில் டென்ட் சுருண்டு படுத்துவிட்டதாம், எல்லாரும் காருக்குள் முடங்கிக் கிடந்தார்களாம். “முளைப்பைய எங்கேயோ தொலைச்சிட்டாக்கா உன் மகாராணி. ராத்திரி பூரா அவளுக்கு டோஸ்தான்.”

அந்த இடத்தில் அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “கடையில உபரியா இருக்கு, கொண்டு வர்றேன்” என்றுதான் சொன்னாள். பாதி நாள் லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். பை மடியில் கிடந்தது. குழி விழுந்த சாலையில் பஸ் குலுங்கும்போதெல்லாம் உள்ளே இரும்பு சலசலத்தது. பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் பையை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். போய்ச் சேர்ந்ததும் சொல்லிவிடுவது என்று ஒரு நிறுத்தத்தில் நினைப்பாள்; அடுத்த நிறுத்தத்தில், முளை கிடைத்துவிட்டால் எல்லாரும் மறந்துவிடுவார்கள், எதற்கு வம்பு என்று தோன்றும்.

ஏரிக்கரையில் தம்பி ஓடிவந்து பையை வாங்கினான். அக்கா இல்லாவிட்டால் தன் பாடு திண்டாட்டம்தான் என்றான். தம்பியின் சின்ன மகள், அம்மா தொலைத்த கதையை அத்தைக்கு நடித்தே காட்டினாள். தம்பி பெண்டாட்டி காருக்குப் பின்னாலிருந்து வந்தாள். கண் வீங்கியிருந்தது. “என்னால உங்க லீவும் போச்சு. மன்னிச்சிருங்க அண்ணி” என்றாள்.

அதற்குமேல் அக்காவால் முடியவில்லை.

“நீ எதையும் தொலைக்கலம்மா. பை கடையிலயே கிடந்துச்சு. நான்தான் வைக்காம மடிச்சுக் குடுத்தேன். காலையிலயே தெரியும். போன்ல சொல்லல.”

தம்பி ஒரு கணம் விழித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். “அட, இதுக்குப் போயா மூஞ்ச தூக்கி வச்சிருக்க? விடுக்கா, யாருக்குத்தான் மறதி இல்ல.”

அந்தச் சிரிப்புதான் அக்காவைச் சுட்டது.

“எங்கிட்டச் சிரிக்கிறியே, ராத்திரி அவகிட்ட இப்படிச் சிரிச்சியாடா?”

சின்னவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். தம்பி பெண்டாட்டி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“வீட்டு வாசல்ல பைய இறக்கி வச்சதா எனக்கு ஞாபகமே வந்துருச்சு அண்ணி” என்றாள் அவள். “செருப்புப் பக்கத்துல. என்ன நிறம்னுகூடச் சொன்னேன் இவர்கிட்ட. இல்லாததெல்லாம் எப்படி எனக்கு ஞாபகம் வந்துச்சு?”

அத்தனை வருஷமாக மறதி மகாராணி என்று கூப்பிட்டால் வராமல் என்ன செய்யும் என்று அக்காவின் மனசு சொன்னது. அதை அவள் வெளியே சொல்லவில்லை. சொன்னால் அழுகை வரும், அப்புறம் அந்தப் பெண் இவளைத் தேற்ற வேண்டியிருக்கும்.

தம்பி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு டென்டை விரித்தான். தம்பி பெண்டாட்டி ஒரு கல்லை எடுத்துக்கொண்டு முதல் மூலையில் குந்தினாள். அக்கா எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு முளையை எடுத்து நீட்டினாள்.

அவள் உடனே வாங்கவில்லை. ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்குக் கை வலித்தது. நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.